வழியில் நெரிசல்

வட சுவீடனின் குளிர்காலம், பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பனி ஒட்டிய கோட்டைக்கூடக் கழற்றாமல், சர்வர் அலமாரியின் முன் மண்டியிட்டிருக்கிறாள் கணினிப் பொறியாளர் டூவா. மின்விசிறிகளின் இரைச்சலுக்குள் அவளுடைய ஃபோனிலிருந்து, மேலே அவசரப் பிரிவில் இருக்கும் நர்ஸ் எஸ்கிலின் குரல் வருகிறது.

"ஸ்க்ரீன்ல வட்டம் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு, ஃபைல் தொறக்கல. இந்தம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு அதுலதான் இருக்கு டூவா. மூச்சு இழுக்குது அவங்களுக்கு."

"டேட்டாபேஸ் நல்லா இருக்கு எஸ்கில். நீ கேட்டதும் பதில் குடுத்துடுது. உன்கிட்ட வர்ற வழியிலதான் நெரிசல்."

கேபிள்களின் முனைகளில் பச்சை விளக்குகள் விட்டுவிட்டு மினுங்குகின்றன. மூலையில் ஒன்று மட்டும் இமைக்காமல் எரிகிறது. அந்த இணைப்பை மடிக்கணினியில் திறந்து பார்க்கிறாள். நோயாளிகளின் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன, அவளுக்குத் தெரியாத ஏதோ முகவரிக்கு; போனவை இங்கே அழிகின்றன. கேபிளைப் பிடுங்குகிறாள். விளக்கு அணைகிறது.

"வந்துடுச்சு! தொறந்துடுச்சு டூவா!" எஸ்கில் சிரிக்கிறான். பிறகு மவுஸைத் திரும்பத் திரும்பச் சொடுக்கும் சத்தம் கேட்கிறது.

"என்ன ஆச்சு?"

"பேரு இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."