போல்ட் இல்லாத மூன்றடி

“என்ன இது, நடுவுல அப்படியே விட்டுட்டீங்க? போல்ட்டை மிச்சம் பிடிக்கிறீங்களா?”

இடுப்பில் கை வைத்தபடி பெரியவள் கேட்டதும், தச்சர் டிரில்லிங் மெஷினை நிறுத்தினார்.

ஹாலை இரண்டாகத் தடுக்க ஒரு பலகைச் சுவர் வருகிறது. வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் சின்னவள், அதாவது பெரியவளின் கொழுந்தன் மனைவி. அவள் புருஷன் ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறானாம். பெரியவள் போடும் டிவி சத்தம் தொந்தரவாம். அதில் வார்த்தை தடித்து, ஓரகத்திகள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியே ஒரு வாரமாகிறது.

டிவியை நிறுத்து என்றால் இவள் நிறுத்திவிட்டுப் போகிறாள். அதற்காகச் சுவரா?

பெரியவளுக்கு மனசு ஆறவே இல்லை. சின்னவளின் குழந்தை இனி எப்படி வரும்? பெற்றது அவள்தான். ஆனால் பல் முளைத்த நாளிலிருந்து பெரியம்மாவை “பெம்மா, பெம்மா” என்று கூப்பிட்டபடி வந்து இவள் மடியில் உட்கார்ந்துதான் அது சாப்பிடும்.

காலையிலிருந்து பெரியவளின் கண் தரையை விட்டு நகரவில்லை. தச்சர் நூல் பிடித்துக் கோடு போட்டார். சுவரைத் தாங்கப்போகும் நீளக் கட்டையைக் கோட்டை ஒட்டிப் படுக்க வைத்தார். கட்டையோடு சேர்த்துக் கான்கிரீட்டில் துளை போட்டு, தூளை ஊதித் தள்ளிவிட்டு, போல்ட்டை இறக்கி முறுக்கினார். வேலை என்னவோ சுத்தம்தான். அதில் குறை சொல்ல அவளாலும் முடியவில்லை.

ஆனால் கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடியது. ஒரு ஆள் நுழைய வழி விடவில்லையே மகராசி. யாரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும் போலிருந்தது. அப்போதுதான் போல்ட் இல்லாத அந்த மூன்றடி கண்ணில் பட்டது.

“நாளைக்குச் சுவர் ஆடினா யார் பொறுப்பு? சிக்கனமா முடிக்கச் சொன்னாளா அவ?”

“இல்லீங்கம்மா. அங்க போல்ட் போட்டா அப்புறம் அறுக்க முடியாது.”

“எதுக்கு அறுக்கணும்?”

“கட்டையை ஒரே நீளமாப் போட்டாத்தான் சுவர் கோடு தப்பாம நிக்கும். நின்னதுக்கப்புறம் கதவு வர்ற இடத்தை மட்டும் அறுத்து எடுத்துடுவேன்.”

“கதவா? கதவு வருதா?”

“உங்களுக்குத் தெரியாதா? அந்தம்மா முதல்ல சொன்னதே அதுதான். கதவு இல்லைன்னா சுவரே வேண்டாம்னுட்டாங்க.”

பெரியவள் அந்த மூன்றடியையே பார்த்தாள். ஒரு வாரமாகச் சின்னவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் கரித்துக் கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. கூடவே, குழந்தை வரும் என்ற சந்தோஷமும். ஆனாலும் வீறாப்பை அத்தனை சீக்கிரம் விட முடியுமா?

“சரி சரி. கதவு வெச்சா ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டுடுங்க. அப்புறம் அதுக்கு வேற ஒரு சண்டை வேண்டாம்.”

தச்சர் தலையைச் சொறிந்தார்.

“உங்க பக்கம் மட்டும்தான் போடச் சொன்னாங்கம்மா. அவங்க பக்கம் தாழ்ப்பாளே கூடாதாம். அக்கா எப்ப வந்து தள்ளினாலும் திறக்கணுமாம்.”