பேச்சு நின்றால் ஓரங்கட்டும்

சேலத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வாடகைக் காரில் தனி ஆளாகப் போக முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஓட்டுபவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வர வேண்டும். ஐந்து நிமிடம் பேச்சில்லை என்றால் கார் தானாக ஓரங்கட்டிக் கால் மணி நேரம் நின்றுவிடும்.

அப்பா வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் கோலப்பன் ஓட்ட, தங்கை பகவதி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

முதலில் பகவதி வழியிலிருந்த ஊர்ப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள். சேலம் தாண்டியதுமே கார் ஓரங்கட்டியது. "வாசிப்பது பேச்சாகாது. கேள்வியும் பதிலும் வேண்டும்" என்றது.

கோலப்பன் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தான்.

"சாப்ட்டியா?"

"ம்."

"பிள்ளைங்க?"

"நல்லா இருக்குதுங்க."

இப்படியே ஒப்பேற்றியதில், மதுரைக்குப் பிறகு கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. நாங்குநேரி அருகே பகவதி கேட்டாள்.

"நான் பத்தாப்பு படிக்கும்போது என் சைக்கிள நீதான வித்த?"

"விக்கல. அதுல பிரேக்கே புடிக்காது. சொன்னா நீ கேக்க மாட்ட. அதான் குளத்துல தள்ளிட்டேன்."

பகவதி வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கார் ஓரமாகப் போய் நின்றது. மணி மூன்று. நிற்கிற காரில் யாரும் பேச வேண்டியதில்லை.

"எந்தக் குளத்துலண்ணே?" என்று கேட்டாள் பகவதி.