ஈரக் கைக்குட்டை

ஓர் அலுவலகத்தின் ஏசியை ஒரு புதுக் கருவி நடத்தியது. தானாகவே கற்றுக்கொள்ளும் கருவி. அதற்குக் கண் கிடையாது. சுவரில் இருந்த வெப்பமானி சொல்வதுதான் அதற்கு உலகம். அந்த வெப்பமானிக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது.

முதல் வாரம் குளிர்காற்று நேராகச் செண்பகவல்லியின் தலையில் இறங்கியது. சித்திரை வெயிலில் வேலைக்கு வந்தவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டைப் அடித்தாள். பல்லிக்கும் கால் விறைத்தது. அவள் மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதிப் போட்டாள். "எல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு வந்ததும் அவள் கைக்குட்டையை நனைத்து வெப்பமானியின் மேல் போட்டாள். காயக் காய நனைத்தாள். வெப்பமானி குளிர் என்று காட்டியது; ஏசி அடங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். அதுவே தினசரி வழக்கமாயிற்று.

மாதக் கடைசியில் கருவி பல்லியிடம் சொன்னது: "இந்த ஹால் பத்து மணிக்கு மேல் தானாகவே குளிர்ந்துவிடுகிறது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். கரண்ட் பாதியாகக் குறைந்திருக்கிறது. புகாரும் இல்லை."

"அப்படியா," என்றது பல்லி.

"நான் கற்றதை அப்படியே இன்னும் நாற்பது கட்டடங்களுக்கு அனுப்பப் போகிறார்கள்."

பல்லியின் முதுகில் கைக்குட்டையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"செண்பகவல்லியையும் அனுப்புகிறார்களா?" என்று கேட்டது.

"யார் அது?" என்றது கருவி.