தெளிந்த குளம்

குளத்தில் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கியதும் கொக்குகள் எல்லாம் எருமைமேல் பாய்ந்தன. "இவன் சேற்றைக் கலக்குவதுதான் காரணம்!"

மாதக்கணக்காக அந்தத் தண்ணீரைச் சோதித்துவந்த ஆமைக்கு ஆத்திரம் பொங்கியது. "சேற்றால் எந்த மீனும் சாகவில்லை. அதோ, அந்த ஆலைக் குழாயில் வருவதுதான் விஷம். வாருங்கள், சேர்ந்து அடைப்போம்!"

"அதுவா? கண்ணாடி மாதிரி இருக்கிறதே! போய்யா, பெரிய மேதாவி!" என்று சிரித்த கொக்குகள், எருமையைக் கொத்திக் கொத்தியே விரட்டின. ரத்தம் சொட்டச் சொட்ட அது கரையேறிப் போனது.

சில நாளில் குளம் அடித்தரை தெரியுமளவு தெளிந்தது.

"பார்த்தாயா? எருமை தொலைந்ததும் எப்படித் தெளிந்துவிட்டது!" என்று மூத்த கொக்கு மார்தட்டியது.

"தெளியாமல் என்ன செய்யும், மடையா?" ஆமை சீறியது. "கலக்குவதற்கு ஒரு மீன்கூட மிச்சமில்லையே!"