சக்கரத்துக்குள் ஒரு கல்யாணப் புடவை

தறியில் தன்னோடு பித்தளைக் கம்பியும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்ததும் பருத்தி நூலுக்குத் தலைகால் புரியவில்லை. அதை ஜரிகை என்றே நினைத்துவிட்டது.

"நான் கல்யாணப் புடவையாகப் போறேன்" என்று மிச்சமிருந்த நூற்கண்டுகளிடம் பீற்றிக்கொண்டது.

"அக்கா, இது வண்டிச் சக்கரத்தை உரசி நிறுத்துற பிரேக் பட்டை நெய்யுற தறி" என்றது கம்பி.

"பொறாமைடா உனக்கு."

இருவரையும் பிசினில் முக்கினார்கள். கஞ்சி போடுகிறார்கள் என்றது நூல். அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். இஸ்திரி என்றது. துளை போட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குஞ்சம் கட்டத்தான்" என்றது.

கடைசியில் ஒரு வேனின் சக்கரத்துக்குள் வைத்து ஆணியடித்து இறுக்கினார்கள். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் நூல் உரசித் தேய்ந்தது.

ஒருநாள் அந்த வேன் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கியது. "அசல் ஜரிகைப் புடவையாம்" என்று கம்பி சொன்னதும் நூல் பொருமிக்கொண்டு பிடியைத் தளர்த்தியது.

"எவளோ கட்டின புடவைக்கு நான் ஏன்டா தேயணும்? நான் நினைச்சா இந்தக் கல்யாணத்தையே நிறுத்திடுவேன், தெரியுமா?"

"அதைத்தான் அக்கா கெஞ்சுறேன், நிறுத்து! மண்டபத்துச் சுவர் வந்துடுச்சு!"

பயத்தில் நூல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் வேன் புகையோடு நின்றது.

மணப்பெண்ணோடு இறங்கிய அவள் அத்தை மூக்கைப் பொத்தினாள். "யாரு புடவைடி தீயுது?"

"கேட்டியாடா?" என்றது நூல், கருகிய குரலில். "புடவைன்னு சொல்லிட்டாங்க!"