அறுநூற்றுப் பன்னிரண்டு யூனிட்

வீட்டில் இருந்த எல்லா சுவிட்சையும் அணைத்தாகிவிட்டது. ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கியாகிவிட்டது. அப்படியும் கீழே, மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்தவில்லை.

கௌதமன் மூன்று மாடி இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவது இது நாலாவது தடவை. ஜனவரிக் குளிரிலும் முதுகு வியர்த்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு லைப்ரரியில் இருக்க வேண்டிய பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டு சுவிட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

மாதம் இருநூறு யூனிட்டுக்குள் இருந்தால் டெல்லியில் கரண்டுக்குப் பைசா கட்ட வேண்டாம். முனிர்காவின் இந்த இரண்டு அறை வீட்டுக்கு நவம்பர் வரை பில் என்று ஒன்று வந்ததே இல்லை. போன மாதம் கொஞ்சம் வந்தது, குளிர்காலம் என்று விட்டுவிட்டார்கள். இந்த மாதம் அறுநூற்றுப் பன்னிரண்டு யூனிட். சலுகையும் போய் முழுத்தொகை. வீட்டுக்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன தாளைக் கௌதமன் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தான்.

இருப்பதோ இரண்டே பேர். கௌதமன் காலை எட்டு மணிக்கு லைப்ரரிக்குப் போனால் இரவு பத்து மணி வரை அங்கே படிக்க மாத வாடகைக்கு எடுத்த நாற்காலிதான். ஜோதிலிங்கம் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க், ஊரில், மன்னார்குடியில், கௌதமன் வீட்டுத் தெருக்காரர். மகன் கையில் காசு நிற்காது என்று அப்பா மாதப் பணத்தை அவர் கணக்குக்குத்தான் அனுப்புவார். வாடகை, சாப்பாடு, லைப்ரரி எல்லாம் அவர் கை வழியாகவே நடந்தது.

பில்லைப் பார்த்து ஜோதிலிங்கம் பதறவே இல்லை. "அச்சா, விடுடா. ஒன் பங்கை அப்பாகிட்ட நானே கேட்டு வாங்கிக்கிறேன். நீ அவர்கிட்ட ஒண்ணும் பேசிக்காத" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதில்தான் கௌதமனுக்குப் பாதி உயிர் போயிற்று. இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் ரயிலேறி ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா செப்டம்பரிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வயது முப்பத்திரண்டு. ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம், அதுவும் கடைசித் தடவை. அடுத்த தடவை என்று நீட்ட வழியே இல்லை.

சமீபமாக அப்பா போனில் பணப் பேச்சையே எடுப்பதில்லை. சாப்பிட்டாயா, படிக்கிறாயா, அவ்வளவுதான். மனிதர் ஒருவழியாக இளகிவிட்டார் என்று கௌதமன் சந்தோஷப்பட்டிருந்தான். இந்தப் பில் அதையும் கெடுத்துவிடும்.

மிச்சமிருந்தது ஜோதிலிங்கத்தின் அறை. இரண்டு மாதமாக அதைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார். வாசலில் எப்போதும் ஒரு புளித்த வாடை அடிக்கும். காயாத சாக்ஸ் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவான். இன்று குனிந்து கதவுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தான். வெதுவெதுவென்று காற்று வந்தது.

பூட்டை விட்டுவிட்டுக் கொண்டியின் திருகாணிகளைக் கழற்றினான். அவசரத்தில் விரலைக் கிழித்துக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

உள்ளே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே கம்பளி போர்த்திய எட்டுப் பெரிய தூக்குகள். ஒன்றைத் திறந்தான். இட்லி மாவு, விளிம்பு வரை பொங்கி நின்றது. மூலையில் கிரைண்டர். சுவரில் ஒரு தாள்: மோதி பாக் வத்சலா மாமி இரண்டு கிலோ, சரோஜினி நகர் மகாதேவன் சார் மூன்று கிலோ என்று கீழே வரை நீண்டது.

கௌதமன் தூக்கின் மூடியைத் தொப்பென்று கீழே போட்டான். செலவு கூடக் கூடாதென்று அவன் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். இங்கே மாவுக்கு ஹீட்டர்.

படியில் காலடி கேட்டது. உளுந்துப் பையோடு வந்த ஜோதிலிங்கம், திறந்து கிடந்த கதவைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மாவு வித்துக் காசு பாக்குறது நீங்க. பில்லுல பாதி எங்கப்பா தலையிலயாண்ணே?"

ஜோதிலிங்கம் பையை இறக்கி வைத்துவிட்டு, முதலில் தூக்கை மூடிக் கம்பளியை இழுத்துப் போர்த்தினார். குளிர்ந்த தண்ணீரில் அரிசி களைந்து களைந்து அவர் விரலெல்லாம் வெடித்திருந்தது. கௌதமன் அதையெல்லாம் பார்க்கும் நிலையில் இல்லை.

இத்தனை நாள் அண்ணன் அண்ணன் என்று நம்பினேனே என்று கத்தினான். அழுகையும் வந்துவிட்டது. போனை எடுத்து அப்பாவின் நம்பரை அழுத்தினான். "நீங்க என்ன சொல்றது, நானே சொல்றேன். அனுப்புற காசு எங்க போகுதுன்னு அவருக்கும் தெரியட்டும்."

ஜோதிலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டா. ஒனக்குத் தெரியாதுங்கிற ஒண்ணுலதான் அந்த மனுசன் நிம்மதியா இருக்காரு."

"என்ன தெரியாது?"

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ஜோதிலிங்கம் போனை வாங்கி அணைத்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், ஹீட்டரைக் கொஞ்சம் மாவுப் பக்கம் திருப்பி வைத்தபடியே சொன்னார்.

"ஒங்கப்பா கடைசியா பணம் போட்டது தீபாவளிக்குடா."