நாற்பத்தொன்றாவது பெயர்

“நைனா, எம்பேரு எத்தினியாவதா வருது?”

மேடைக்குப் பின்னால் நன்றியுரைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அறிவு நிமிர்ந்து பார்த்தான். பச்சையம்மா நின்றிருந்தாள். மீன்கூடை இல்லாமல், பட்டுச்சேலையில் அவளை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“கடசிக்கா. நாப்பத்தொண்ணு.”

“போன வருஷமும் கடசில தான போட்ட? நீ எம்பேர சொல்லசொல்ல அங்க யாரு இருந்தா? நானும் மைக் செட்டு பாயும்தான்.”

“வரிசைய மாத்துனா மீதி நாப்பது பேரும் சண்டைக்கு வருவாங்கக்கா. இத்த முடிவு பண்ணவே மூணு கூட்டம் போட்டோம்.”

பச்சையம்மா குரலைத் தாழ்த்தினாள். “எம்பொண்ணு மலரோட மாமியார் வூட்டுக்காரங்க ராயபுரத்துலேர்ந்து வந்துகீறாங்கோ. மூணாவது வரிசைல குந்திகினு கீறாங்கோ. மீன்காரம்மா தானன்னு அவுங்களுக்கு ஒரு இளக்காரம். மைக்ல எம்பேர சொல்வாங்கோ, வந்து பாருங்கன்னு நான்தான் இட்டாந்தேன். காலி சேருங்கள பாத்து சொன்னீன்னா என் மானம் பூடும் நைனா.”

அறிவு மறுபடி பட்டியலைப் பார்த்தான். திருவொற்றியூர் கடலோரக் கலைவிழாவுக்கு இது ஆறாவது வருடம். ஆறு வருடமும் அவன்தான் செயலாளர். பறை, ஒயில், நாடகம், கானா என்று இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஜனம், ‘நன்றியுரை’ என்ற சொல் காதில் விழுந்ததும் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். முக்கால்வாசிப் பேருக்கு வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். போகிற முதுகுகளைப் பார்த்தபடி அவன் மூச்சுவிடாமல் பெயர்களை ஒப்பிப்பான். பட்டறையில் லேத் ஓட்டுகிற வேலை இதைவிட நிம்மதி என்று தோன்றும்.

மாலை ஆறரைக்குப் பறை ஓய்ந்தது. அறிவு மைக்கைப் பிடித்தான்.

“அடுத்ததாக, நன்றியுரை.”

பின்வரிசை எழுந்தது. நடுவரிசை செருப்பைத் தேடியது. மூன்றாவது வரிசையில் பச்சையம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வேலி வரைக்கும் போன கூட்டம் ஏனோ அப்படியே நின்றது. பிறகு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தது.

மைக் செட் சௌக்கத் அலி மேடையோரம் வந்து கிசுகிசுத்தார்.

“ரயில்வே கேட்ட மூடிட்டாங்கோ. துறைமுகத்துக்குப் போற கூட்ஸு வருதாம். இப்பதிக்கு எவனும் வூட்டுக்குப் போவ முடியாது. நீ நிதானமா படி.”

அறிவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. இத்தனை முகங்களை இந்த நேரத்தில் அவன் பார்த்ததே இல்லை. வெறும் பெயரை வாசிக்க இன்று அவனுக்கு மனம் வரவில்லை.

“முதல்ல ஜெயக்கொடி. நேத்து நாடகத்துல ராஜா போட்ட வேட்டி, அவர் கல்யாண வேட்டி. இன்னும் திருப்பிக் குடுக்கல.”

கூட்டம் சிரித்தது.

“ரெண்டாவது, தார்ப்பாய் குடுத்த ரஹீமுன்னிசா அக்கா. நேத்து தூறல் போட்டப்ப சொந்தக் கடை தார்ப்பாய அவுத்து மேடைக்குக் கட்டுனாங்க. நாம நனையல. அவங்க கடை நனைஞ்சிச்சு.”

கைதட்டல் எழுந்தது. தண்டவாளப் பக்கம் ஹாரன் கேட்டது. இன்னொரு வண்டியும் வருகிறது போல, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

“மூணாவது மணி. இருநூறு சேரையும் தன்னோட மீன்பாடி வண்டில ஏத்தினு வந்தாரு. வழியில டயர் வெடிச்சுது. அப்ப அவரு சொன்னத மைக்ல சொல்ல முடியாது.”

விசில் பறந்தது. “சொல்லு மாமு, பரவால்ல” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு தெருவே எழுந்து கத்தியது. தங்கள் தெருப் பெயர் எப்போது வரும் என்று மற்றவர்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். அறிவு கேட்டை மறந்தான், நேரத்தை மறந்தான். கடைசிப் பெயருக்கு வந்தபோது அவன் குரல் கரகரத்திருந்தது.

“இப்ப நாம குந்திகினு இருக்கற இந்த எடம் போன வாரம் வரிக்கும் குப்பமேடு. மூணு நாளு, காலைல மீன் வித்துட்டு வந்து, வெயில்ல ஒத்த ஆளா நின்னு பெருக்குனது யாரு தெரியுமா? பச்சையம்மா. எழுந்து நில்லுக்கா, எல்லாரும் பாக்கட்டும்.”

பச்சையம்மா எழுந்தாள். மைதானமே கைதட்டியது. பக்கத்தில் இருந்த சம்பந்தி எழுந்து நின்று, விரலை வாயில் வைத்து விசிலடித்தார். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பட்டுச்சேலைத் தலைப்பு கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் பச்சையம்மா அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறிவு மேடையில் மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஓடினான். மேடைக்குப் பின்புறமாகக் குறுக்கு வழியில் புகுந்து, கூட்டத்துக்கு முன்பே கேட்டுக்குப் போய்விட்டான். கேட் திறந்து கிடந்தது. கேட்கீப்பர் குணசேகரன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா தம்பி, பொன்னாடையெல்லாம்?” அறிவு அதைத் தோளில் போர்த்தியதும் அவர் திகைத்தார்.

“நாப்பத்திரெண்டாவது பேரு உங்களுதுதாண்ணா. முக்கா மணி நேரம் கேட்ட மூடி வெச்சி, ஒருத்தரையும் போவ வுடாம எங்க மானத்தக் காப்பாத்திட்டீங்க.”

குணசேகரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“நான் எங்கப்பா மூடி வெச்சேன்? அந்தத் தார்ப்பாய் அக்கா பேர நீ சொல்லசொல்லயே கூட்ஸு பூட்ச்சி, கேட்டையும் தொறந்துட்டேன். அதுக்கப்பறம் ஒரு சைக்கிளு கூட இந்தப் பக்கம் வர்ல.”